மட்டாஞ்சேரிக்கு வந்த அட்லாண்டிக்

நியூயார்க், பாஸ்டன், பால்டிமோர் ஆகிய மாநகரங்களைத் தம் கையாலேயே எழுதித் தள்ளிய மகான் ஒருவர் மட்டாஞ்சேரியில் வாழ்ந்தார். ஆலப்புழைக்குத் தெற்கே அவர் போனதில்லை. பெயர் வெங்கிடேஸ்வரன், தெருவுக்கு வெங்கிட்டு. பஜாரில் ஒரு மிளகுக் கம்பெனியில் உத்தியோகம். கப்பலேறப் போகும் சாக்கின்மேல் எழுத்து வெட்டிய தகரத்தை வைத்து, கறுப்பு மையில் தோய்ந்த பிரஷால் தட்டுவார். தகரத்தை எடுத்தால் ஊர்ப்பெயர் பளிச்சென்று நிற்கும். சாக்கு அமெரிக்கா போய்விடும். வெங்கிட்டு சாயா குடிக்கப் போய்விடுவார்.

இப்படி யாருக்கும் தொந்தரவில்லாமல் முடிந்திருக்க வேண்டிய வாழ்க்கை அது. அவருடைய தகப்பனார் சோடா குடிக்கப் போய் எல்லாம் குலைந்தது.

தகப்பனார் வைத்தீஸ்வரன், தபால் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்று நாடகக் கலைக்கு வந்தவர். தெருவின் நவராத்திரி விழாவில் வருஷம் தவறாமல் போடப்படும் ஒரே நாடகத்தை எழுதியவர் அவர். அதை நடத்தியவரும், கதாநாயகனைவிட அதிகம் பேசியவரும் அவரே. கதை சின்னது. விக்கிரமகேசரி மகாராஜாவின் கப்பலைக் கடல் விழுங்கிவிடுகிறது. மகாராஜா கோபங்கொண்டு கடல்மேல் அம்பு தொடுக்கிறார். சமுத்திர ராஜன் நடுநடுங்கி எழுந்து வந்து கப்பலைத் திருப்பிக் கொடுக்கிறார். நடுங்க வேண்டிய சமுத்திர ராஜனாக வைத்தீஸ்வரனே நடித்தபடியால் வருஷத்துக்கு வருஷம் நடுக்கம் குறைந்து வசனம் வளர்ந்தது. கடைசியில் மகாராஜாதான் நடுங்கினார். மகாராஜா வேஷம் கட்டியவர் பாங்கு குமாஸ்தா பிச்சுமணி. தொந்தி உள்ளவர், பயந்தவர், நல்லவர்.

கடலாக இருந்தது ஒரு நீல நிற ஒன்பது கஜப் புடவை. மேடையின் இரண்டு பக்கமும் நின்று இரண்டு பேர் அதை ஆட்டுவார்கள். அதற்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் வைத்தீஸ்வரன், பிச்சுமணி வில்லை வளைத்ததும் எழுந்திருப்பார். 1977 நவராத்திரியில் கடலை ஆட்டிய ஒருவருக்குத் தும்மல் வந்தது. கடல் விழுந்தது. ஊர் முழுக்கப் பார்க்க, கிரீடம் தரித்த சமுத்திர ராஜன் குந்தியிருந்து சோடா குடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாளே விழாக் கமிட்டி கூடியது. அடுத்த வருஷம் புடவை கூடாது, மேடையை அடைத்துப் பெரிய திரையில் கடல் எழுத வேண்டும் என்று முடிவானது. யார் எழுதுவது? எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். வெங்கிட்டு கையைத் தூக்கினார்.

"தகரம் இல்லாம உனக்கு எழுத வருமோடா?" என்றார் வைத்தீஸ்வரன்.

"வரும் அப்பா."

"பாஸ்டன்னு எழுதி வெச்சுடாதே."

சபை சிரித்தது. அந்தச் சிரிப்பை வெங்கிட்டு பத்திரமாக வீட்டுக்கு எடுத்துப் போனார். நாற்பது வயதுவரை அவர் எழுதிய எல்லாவற்றையும் அடுத்தவன் வெட்டிய தகரம்தான் எழுதியது. தகரமில்லாமல் தாமே எழுதிய ஒன்று, அப்பா நிற்கும் மேடையில், அப்பாவுக்குப் பின்னால் தொங்க வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவே. அவர் வேறெதற்கும் ஆசைப்பட்டதாக யாரும் சொல்லக் கேட்டதில்லை.

காடாத் துணி வாங்கித் தைத்து, கம்பெனிக் கிடங்கில் மழைக்காலத்தில் காலியாகிவிடும் மூலையில் கட்டித் தொங்கவிட்டார். நீலத்தைக் கரைத்து வேலம்பிசின் சேர்த்து முதல் அலையைப் போட்டார். மனைவி கனகாம்பாளை அழைத்து வந்து காட்டினார்.

கனகாம்பாள் நியாயமான மனுஷி. கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"பிழிஞ்சது நன்னா இருக்கு" என்றாள்.

"எதைப் பிழிஞ்சது?"

"சேவை."

மறுபடி எழுதினார். இந்தத் தடவை முறுக்கு என்றாள். அதற்கு அடுத்த தடவை ஒன்றும் சொல்லாமல் அடுப்பில் வேலை இருப்பதாகக் கிளம்பினாள். அதுதான் அவரை அதிகம் தைத்தது.

இந்த இடத்தில்தான் காலண்டர் வருகிறது. மிளகு வாங்கும் அமெரிக்கக் கம்பெனி வருஷா வருஷம் ஒரு காலண்டர் அனுப்பும். முதலாளி அதைப் பிரித்துப் பார்த்து, தேதிகளில் சிவப்புக் குறைவாக இருப்பதால் லீவு கேட்க மாட்டார்கள் என்று மகிழ்ந்து கிடங்கில் மாட்டச் சொல்வார். அந்த வருஷத்துக் காலண்டரில் ஒரு கடல் இருந்தது. மேலே மூட்டமான வானம். கீழே ஈர மணல். நடுவில் ஒரே ஓர் அலை, உடைவதற்குக் கொஞ்சம் முன்னால். கப்பல் இல்லை, மனிதன் இல்லை. ஒரு பறவைகூடப் பேருக்குத்தான். அத்தனை மாதமாக அதன் கீழே நின்று சாக்குத் தட்டிய வெங்கிட்டு, ஆனி மாதத்து மழை நாளில், தம் முறுக்கிலிருந்து முகத்தைத் திருப்பியபோதுதான் அதை முதன்முதலாகப் பார்த்தார்.

பார்த்தவர் இரண்டடி பின்வாங்கினார். வேஷ்டி நனைந்துவிடும் என்று தோன்றியதாம்.

காலண்டரை வீட்டுக்குக் கொண்டுபோனார். கனகாம்பாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதில ஸ்வாமி எங்கே?"

"ஸ்வாமி இல்லை. கடல்தான்."

"ஸ்வாமி இல்லாத காலண்டரை வெச்சிண்டு அவா எப்படி விளக்கேத்துவா? பாவம்."

படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் ஓவியரைப் பற்றிப் போட்டிருந்தது. வெங்கிட்டு ஆங்கில அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தார். வில்லியம் டிராஸ்ட் ரிச்சர்ட்ஸ். போன நூற்றாண்டுக்காரர். பிலடெல்பியாவில் பிறந்தவர். முதலில் மரம் எழுதினால் இலை இலையாக எழுதியவர். பிறகு கடலுக்கு மாறியவர். உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும் என்பதற்காகக் கைகளைக் கட்டிக்கொண்டு கடலைப் பார்த்து மணிக்கணக்கில் நிற்பாராம். பார்த்தவர்கள் புத்தி பேதலித்தவர் என்று நினைத்தார்களாம். அதுவும் போதாமல் குளிக்கிற உடையோடு அலைகளுக்குள்ளேயே போய் நின்று, தண்ணீர் எப்படி எழும்புகிறது, எப்படி விழுகிறது என்று பார்ப்பாராம்.

வெங்கிட்டு அகராதியை மூடினார். கலையின் ரகசியம் இவ்வளவுதானா! போய் நின்றால் போதுமா!

"கனகம், நான் கடல்ல போய் நிக்கப் போறேன்."

"என்னிக்கு?"

"நாளைக்கு."

"நாளைக்கு எந்தா திதி?"

இதை ரிச்சர்ட்ஸிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். வெங்கிட்டு கலைஞரானாலும் அக்கிரகாரத்துக்காரர். அமாவாசை, பௌர்ணமி மாதிரி நாள்களைத் தவிர மற்ற நாள்களில் சமுத்திரத்தைத் தொடக்கூடாது என்பது அவர்கள் வீட்டு விதி. மூன்று மைலில் கடல் இருக்கிறது. பஸ் இருக்கிறது. திதிதான் இல்லை. அமெரிக்கருக்கு வருஷம் முழுக்கக் கிடைத்த கடல், மட்டாஞ்சேரிக்காரருக்கு மாதத்தில் இரண்டு நாள் கிடைத்தது. அந்த இரண்டு நாளும் கடல் பொங்கி, வேலியேற்றம் மிகுந்து, அலை ஆளையே தூக்கும் நாள்கள் என்பதைப் பஞ்சாங்கம் எழுதியவர்கள் யோசித்தார்களோ என்னவோ.

பஞ்சாங்கத்தைப் புரட்டினார். அடுத்தது ஆடி அமாவாசை.

ஆடி அமாவாசையன்று விடியற்காலையில் போர்ட் கொச்சிக் கடற்கரை திருவிழாவாக இருந்தது. இறந்துபோன தகப்பன்மார்களுக்கு எள்ளும் தண்ணீரும் விட ஊர் திரண்டிருந்தது. வெங்கிட்டு யாரையும் பார்க்கவில்லை. ஈர வேஷ்டியோடு கூட்டத்துக்கு நடுவே இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நின்று, பிலடெல்பியாக்காரர் மாதிரியே கைகளைக் கட்டிக்கொண்டார்.

கரையில் சாயாக்கடை வைத்திருந்த நாணு, அடுப்பை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்.

"சாமீ, மந்திரம் மறந்து போயோ?"

"இல்லே நாணு. பாக்கறேன்."

"எந்து?"

"தண்ணியை."

நாணு திரும்பிப் போய், அந்தச் சாமிக்குச் சர்க்கரை தூக்கலாக ஒரு சாயா போட்டு வைத்தார். துக்கத்தில் இருப்பவர்களுக்கு அவர் அப்படித்தான் போடுவார்.

வெங்கிட்டுவோ ஆனந்தத்தில் இருந்தார். அலை நீலமே இல்லை! நாற்பது வருஷம் கடலோரத்தில் இருந்தும் இதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. எழும்பும்போது சேற்று நிறம். உடைவதற்குமுன் உச்சியில் வெளிச்சம் உள்ளே புகுந்து ஒரு கணம் வாழைக் குருத்தாகிறது. அப்புறம் எல்லாம் வெளுப்பு. "அதோ, அதோ" என்று வாய்விட்டே சொன்னார். குருத்து தெரிந்ததும் முகத்தில் ஓங்கி ஓர் அறை விழும். கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்ததற்குக் காத்திருப்பார்.

கண்ணைத் துடைத்ததைத்தான் லோகாம்பாள் மாமி பார்த்தாள்.

லோகாம்பாள் மாமி அதே தெருதான். காலஞ்சென்ற கணவருக்காக மகனை அழைத்துக்கொண்டு கடலுக்கு வந்திருந்தாள். மாமிக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும்: தகப்பன் உயிரோடிருக்கிறவனுக்கு இந்தக் காரியம் கிடையாது. அமாவாசையும் அதுவுமாக ஒருவன் கடலில் நின்று கண்ணைத் துடைக்கிறான் என்றால் தகப்பன் போயாயிற்று. வைத்தீஸ்வரனை ஒரு மாதமாகத் தெருவில் காணவுமில்லை. பாலக்காட்டில் மகள் வீட்டுக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். அங்கேயே போய்விட்டார், காரியங்களும் அங்கேயே முடிந்துவிட்டன, ஒரு கார்டு போடவில்லை. மாமி எள்ளைப் பாதியில் விட்டுவிட்டு மகனை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

முதல் நாள் சாயங்காலம்தான் வைத்தீஸ்வரன் ரயிலில் வந்து இறங்கி, அலுப்பில் அப்படியே படுத்துவிட்டார் என்பது மாமிக்குத் தெரிய வழியில்லை.

அவர் கொல்லைப்புறத்தில் தம் முன்னோருக்கு அமாவாசைக் காரியம் செய்துகொண்டிருந்தபோது, வாசலில் மாமி வந்து கனகாம்பாளைக் கட்டிக்கொண்டாள்.

"போயிட்டாரேடீ" என்றாள்.

மாமி வீட்டில் யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்த கனகாம்பாளும் மாமியைக் கட்டிக்கொண்டு அழுதாள். யாரென்று கேட்பது மரியாதையாகப் படவில்லை. இருவரும் ஒருவரையொருவர் தேற்றினார்கள். அதற்குள் தெருவில் பாதி வந்துவிட்டது. பாங்குக்குக் கிளம்பிய பிச்சுமணி, குடையோடு வந்து தலையைக் குனிந்து உட்கார்ந்தார். பழக்க தோஷத்தில் கனகாம்பாள் அவருக்குக் காபி கொண்டுவந்தாள்.

"இந்த வீட்டுல இன்னிக்குக் காபி குடிக்கப்படாது" என்றார் பிச்சுமணி, டம்ளரைத் தள்ளிவைத்து.

"ஏன், பால் நல்ல பால்தானே?"

"கடைசி வரைக்கும் எனக்கு வசனம் சொல்லிக் கொடுத்த மனுஷர், கேட்டேளா. 'தொந்தியை உள்ளே இழுடா, ராஜாவுக்குத் தொந்தி ஏது'ன்னு நவராத்திரிக்கு நவராத்திரி பறஞ்சிண்டே இருப்பர். இனி யார் இருக்கா பறைய?"

"இழுக்கலையேடா இன்னும்" என்று ஒரு குரல் கேட்டது.

ஈர வேஷ்டியும் நெற்றி நிறைய விபூதியுமாக வைத்தீஸ்வரன் கூடத்து வாசற்படியில் நின்றார். பிச்சுமணியின் குடை கீழே விழுந்தது. பின்வரிசையில் இருந்த ஒருவர் சத்தமில்லாமல் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

"யாரு போனா?"

எல்லாரும் பிச்சுமணியைப் பார்த்தார்கள்.

"கேக்கறேனே. யாரு?"

"நீங்கதான் மாமா" என்றார் பிச்சுமணி. அவருக்குப் பொய் சொல்ல வராது.

வைத்தீஸ்வரன் இந்தச் செய்தியைக் கொஞ்சம் யோசித்தார். "எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதோ?" என்றார். பிறகு குரல் மாறிற்று. "யார் சொன்னா?"

மாமி கண்டதைச் சொன்னாள். சொல்லி முடிக்கும் நேரத்தில், தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, வாழைக் குருத்து நிறம் கண்ணில் மின்ன, வெங்கிட்டு வாசலில் வந்து நின்றார். இத்தனை பேர் தம் அலையைப் பற்றிக் கேட்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று ஒரு நிமிஷம் அவருக்குத் தோன்றியதாகக் கனகாம்பாள் பிற்பாடு சொன்னாள்.

"கண்டுபிடிச்சுட்டேன்" என்றார் சந்தோஷமாக.

விசாரணை அங்கேயே நடந்தது.

"கையில எள்ளு இருந்ததோ?"

"இல்லை அப்பா. கையைக் கட்டிண்டிருந்தேன்."

"பின்னே ஆடி அமாவாசைக்குக் கடல்ல உனக்கு எந்தா காரியம்?"

"அலையைப் பாத்தேன்."

"அலை கரைக்குத்தானே வரது? கரையில நின்னு பாக்கப்படாதோ?"

"ரிச்சர்ட்ஸ் உள்ளே நின்னுதான் பாத்தாராம்."

"யாரு அது?"

"அமெரிக்காக்காரர். எழுபது வருஷத்துக்கு மின்னாடி போயிட்டார்."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. தகப்பன் உயிரோடிருக்க, செத்துப்போன வெள்ளைக்காரனுக்காகக் கடலில் இறங்கியிருக்கிறான். விஷயம் முதலில் நினைத்ததைவிட மோசம். வைத்தீஸ்வரன் தீர்ப்புச் சொன்னார். சமுத்திர ராஜனுக்குரிய குரலிலேயே சொன்னார்:

"நான் உசிரோட இருக்கச்சே என்னைக் கடல்ல கரைச்சவன் எழுதின துணி, நான் நிக்கற மேடையில ஏறாது. பழைய புடவையே போரும். மனசிலாச்சோ எல்லாருக்கும்?"

எல்லாருக்கும் மனசிலாயிற்று. வெங்கிட்டுவுக்கு மட்டும் ஆகவில்லை. மறுநாள் காலை கிடங்குக்குப் போனவர், முறுக்குகளின் மேல் வெள்ளையடித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார்.

தடை செய்யப்பட்ட திரை என்பதால் அது வேகமாக வளர்ந்தது. அலையின் அடிவயிற்று நிழலுக்கு எந்தக் கறுப்பும் சரிப்படாமல், கடைசியில் சாக்குக்குத் தட்டும் மையையே நீர்த்து இழுத்தார். பாஸ்டன் போக வேண்டிய மை பாஸ்டனின் கடலானது. கனகாம்பாள் மத்தியானம் சாப்பாட்டோடு வந்து, பார்த்துவிட்டு, சாப்பாட்டைக் கொஞ்சம் தள்ளியே வைத்தாள்.

"ஏன் அங்கே வெக்கறே?"

"நனைஞ்சுடும்னு தோணித்து" என்றாள். சொன்னபிறகு அவளுக்கே வெட்கமாகிவிட்டது.

வெங்கிட்டு அன்றைக்குச் சாப்பிடவில்லை. சாப்பாடு எதற்கு?

ஆனால் தொங்காத திரை வெறும் துணிதான். புரட்டாசி வந்துவிட்டது, நவராத்திரி நெருங்கிக்கொண்டிருந்தது, வைத்தீஸ்வரன் மகனோடு பேசுவதில்லை. பேச வேண்டியதைக் கனகாம்பாளைப் பார்த்து, "அவன்கிட்ட சொல்லு" என்று, அவனுக்குக் கேட்கும்படி சொல்வார். புரட்டாசிப் பௌர்ணமியன்று காலையில் வெங்கிட்டு துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அலை கரையில் சிதறும் இடம் மட்டும் இன்னும் சரியாக வரவில்லை.

அவர் ஏறிய பஸ்ஸின் முன்வரிசையில் பெரிய குடை ஒன்றை விரித்துப் பிடித்தபடி ஒருவர் உட்கார்ந்திருந்தார். பஸ்ஸுக்குள் மழை பெய்யவில்லை. வெங்கிட்டு கவனிக்கவில்லை.

குடைக்காரர் போர்ட் கொச்சியில் இறங்கி, நாணுவின் கடையில் வந்து ஒதுங்கினார்.

"சாயா எடுக்கட்டே, சாமீ?"

"வேண்டாம். அதோ நிக்கறானே, அவன் கையில என்ன?"

"கையோ? கட்டி வெச்சிட்டுண்டு. அந்தச் சாமி பாவமாணு. அச்சன் மரிச்சு போயி. அதாணு இப்படி."

"அச்சன் இங்கேதான் உக்காந்திருக்கேன். நான்தான் அவன் அப்பா" என்றார் வைத்தீஸ்வரன்.

நாணு அவரை ஏற இறங்கப் பார்த்து, இவருக்கும் ஒரு சாயா போட்டார். சர்க்கரை தூக்கலாக.

கொஞ்ச நேரம் பார்த்தார் வைத்தீஸ்வரன். பையன் எள்ளை எடுக்கவில்லை, மந்திரம் சொல்லவில்லை, தண்ணீரைக் கையால் தொடக்கூட இல்லை. அலை வரும்போது எட்டிப் பார்க்கிறான், அறை வாங்குகிறான், சிரிக்கிறான். தபால் ஆபீஸில் பலவிதப் பைத்தியங்களைப் பார்த்தவர்தான், இது புதிது. வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடலில் இறங்கினார்.

"வாடா கரைக்கு. ஊர் சிரிக்கறது."

"அப்பா, ஒரு நிமிஷம். இது வரட்டும்."

"எது?"

"இதோ, இது. உச்சியைப் பாருங்கோ. உச்சியை, உச்சியை!"

வைத்தீஸ்வரன் திட்ட வாயைத் திறந்தபடியே உச்சியைப் பார்த்தார். திறந்த வாய் திறந்தபடி நின்றது. கடலரசனாகப் பல நவராத்திரி ஆண்டவர். தம் ராஜ்யத்தை உள்ளிருந்து அன்றுதான் பார்க்கிறார். பச்சை ஒளி ஒன்று தலைக்குமேல் எழுந்து, மெலிந்து, வளைந்தது. அப்புறம் தகப்பனும் மகனும் காலும் கையுமாக மணலில் வந்து விழுந்தார்கள். அங்கவஸ்திரம் எதிர்க்கரை வைப்பீன் தீவுப் பக்கமாகப் போயிற்று.

நாணு ஓடிவந்து தூக்கினார். வைத்தீஸ்வரன் வாயிலிருந்த மணலைத் துப்பிவிட்டு, ஒன்றரை மாதத்துக்குப் பிறகு மகனோடு நேராகப் பேசினார்.

"கரையில நுரை போடற இடத்துல நீ வெளுப்பைக் கூட்டியிருக்கே. அவ்வளவு கிடையாது. பாத்தியோ? அடியில மணல் தெரியறது."

வெங்கிட்டு மணலில் உட்கார்ந்தபடியே அவரைப் பார்த்தார். "துணியை எப்போ அப்பா பாத்தேள்?"

"வெறுதே அந்தப் பக்கம் போனப்போ" என்றார் வைத்தீஸ்வரன், மிகுந்த கௌரவத்தோடு. மிளகுக் கிடங்கின் உள்மூலைப் பக்கமாக யாரும் சும்மா போக முடியாது என்பதைப் பிள்ளை சுட்டிக்காட்டவில்லை.

தடை நீங்கியது. ஆனால் மனுஷர் ஒன்றை நீக்கினால் ஒன்றைப் பிடிக்கிறவர். விழாவன்று பிற்பகல், மேலும் கீழும் மூங்கில் கோத்த திரையை மேடையில் ஏற்றிக் கட்டியதும், கிரீடத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அதன் முன்னால் வந்து நின்றார். மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே கடல்.

"சரி. நான் எங்கேர்ந்து வருவேன்?"

இதை ஒருவரும் யோசித்திருக்கவில்லை. புடவைக்குப் பின்னாலிருந்து எழுந்திருக்கலாம். இது தரைவரை அடைத்துக்கொண்டு நிற்கிறது.

"பக்கவாட்டில வரலாமே மாமா" என்றார் பிச்சுமணி, மீசையை ஒட்டிக்கொண்டே.

"பக்கத்து வாசல் வழியா வந்தா அது சமுத்திர ராஜனா, பால்காரனா? கடல்லேர்ந்துதான் வரணும்." சாக்பீஸை எடுத்து, அலையின் உச்சிக்கு நேர் கீழே ஆள் உயரத்துக்கு ஒரு கோடு கிழித்தார். "இங்கே வெட்டிடு. நான் பொளந்துண்டு வரேன்."

தையல்காரர் கத்தரிக்கோல் ஒன்று வந்தது. வெங்கிட்டு அதை வாங்கினார். கோடு சரியாகக் குருத்து நிறத்தின் நடுவில் போயிற்று. இரண்டு மாதம் முகத்தில் அறை வாங்கிச் சம்பாதித்த நிறம். கத்தரியைத் துணியில் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். வாசலில் ஜனங்கள் பாய் விரித்து இடம் பிடிக்கும் சத்தம் கேட்டது.

"வெட்டமாட்டேன் அப்பா. வேணும்னா அவிழ்த்துக் கொண்டுபோயிடறேன். புடவையைக் கட்டிக்குங்கோ. வெட்டமாட்டேன்."

தாமும் ஒரு மகன், அவரும் ஒரு தகப்பன் என்பதெல்லாம் மறந்துபோய்ச் சொன்ன சொல் அது. பிச்சுமணியின் மீசை ஒரு பக்கம் கழன்று தொங்கியது.

வைத்தீஸ்வரன் மகன் கையிலிருந்து கத்தரியை வாங்கிக்கொண்டார்.

"மேடை என்னோடது. நீ முன்னால போய் உக்காரு."

"அப்பா..."

"போடா."

வெங்கிட்டு போய்க் கனகாம்பாளின் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். நாடகம் தொடங்கியது. முன் காட்சிகளெல்லாம் அரண்மனைத் திரையில் நடந்தன. மகாராஜா அழுதார், மந்திரி பாடினார், கப்பல் முழுகிய செய்தி வந்தது. வெங்கிட்டுவின் காதில் ஒன்றும் விழவில்லை. உள்ளே கத்தரி துணியில் ஓடும் சத்தம் கேட்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். ஹார்மோனியம் விடவில்லை.

அரண்மனை சுருண்டு மேலே போயிற்று.

கூட்டம் பேச்சை நிறுத்தியது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த லோகாம்பாள் மாமி, "எந்தா இது, குளிர்றதே" என்று புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பின்னாலிருந்து யாரோ எழுந்து நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் இருந்தவர்களும் எழுந்தார்கள். உட்காரச் சொல்லி அதட்ட ஒருவரும் இல்லை. சாக்கு மையும் வேலம்பிசினும் விளக்கொளியில் உயிர்பெற்று, அலை உச்சியில் பச்சையாக நின்றது. விழப்போகிறது, விழப்போகிறது என்று ஊர் மூச்சைப் பிடித்தது. வெங்கிட்டுவின் கை தானாகப் போய்க் கனகாம்பாளின் கையைப் பிடித்தது. அக்கிரகாரத்தில், சபையில், அத்தனை பேருக்கு முன்னால்.

பிச்சுமணி வில்லை வளைத்தார். "சமுத்திர ராஜனே, வெளியே வா" என்று கர்ஜித்தார்.

ராஜன் வரவில்லை.

வெங்கிட்டு அந்தச் சாக்பீஸ் கோட்டையே பார்த்தார். இப்போது பிளக்கும். இப்போது. கோடு அசையவில்லை.

"வெளியே வா" என்றார் பிச்சுமணி மறுபடி, குரல் கொஞ்சம் இறங்கி. வசனத்தில் இதற்குமேல் அவருக்கு இல்லை. "மாமா" என்று பல்லிடுக்கால் கூப்பிட்டார்.

அப்போது திரையின் அடியில் கிடந்த மூங்கில் கொஞ்சம் தூக்கியது. முதலில் ஒரு கிரீடம் உருண்டு வந்தது. பிறகு ஒரு கை. பிறகு அறுபத்தெட்டு வயதுச் சமுத்திர ராஜன், குப்புறப் படுத்தபடி, மூங்கிலுக்கும் தரைக்கும் நடுவே நசுங்கி நசுங்கி, நுரைக்குக் கீழிருந்து ஊர்ந்து வெளிப்பட்டார். கடல் தன் ராஜனைக் கரையொதுக்கியது. முழங்காலில் சிராய்ப்பு, தாடியில் தூசி. இடுப்பில் செருகிய கத்தரிக்கோல் விளக்கில் மின்னியது.

எழுந்து நின்றார். ஊரைப் பார்க்கவில்லை. திரும்பித் திரையைப் பார்த்தார், உச்சியிலிருந்து அடிவரை. பிச்சுமணி எதிரே அம்பைத் தொடுத்தபடி, கை நடுங்க, வியர்வை வழிய நின்றுகொண்டிருந்தார்.

வைத்தீஸ்வரன் இரண்டு கைகளையும் அகல விரித்துக்கொண்டு அலைக்கும் அம்புக்கும் நடுவில் வந்து நின்றார்.

"விக்கிரமகேசரி, அம்பைக் கீழே வை" என்றார். "கப்பல்தானே வேணும், தரேன். விட்டுத் தொலைச்சுடாதேடா, துணி கிழிஞ்சுடும்."

பிரதியில் இல்லாத வசனம். பிச்சுமணி பதிலுக்கு எழுதப்பட்ட வசனம் எதையும் தேடவில்லை. அம்பை நாணிலிருந்து எடுத்து, பிறந்து ஒருநாள் ஆன பூனைக்குட்டியை வைப்பதுபோல, இரண்டு கைகளாலும் தரையில் வைத்தார்.